குறுக்கே கிடந்த கம்பு

போன மாதம் ஏற்காட்டில் நடைக்குழு நடத்தும் பிள்ளைகள் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் புதிதாக வாங்கிய வாக்கி-டாக்கி இரண்டு. ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு ஒருவன் தெருமுனை வரை போய், "அண்ணா, கேக்குதுங்களா?" என்றான். நன்றாகவே கேட்டது. அவன் தொண்டைக்கு அந்தக் கருவி இல்லாமலே கேட்டிருக்கும்.

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னான். "இனிமே ஆளுக்கொரு கம்பு எதுக்குங்கண்ணா? அதுலயும் பாதையில கம்பு குறுக்க கெடந்தா தாண்டக்கூடாதுன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்க. புதுசா வர்றவங்க சிரிக்கறாங்க. ஏன் அப்புடின்னு எழுதிக் குடுங்க. படிச்சுட்டு வெச்சுக்கறதா எடுத்துடறதான்னு பாக்கறோம்."

எழுதுகிறேன். வைப்பதும் எடுப்பதும் உங்கள் பாடு. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் ஒரு முட்டாள் வருவான். அவன் யார் என்று தேட வேண்டாம், நான்தான்.

நான் அடிவாரத்துக்காரன். மலையேறும் பஸ்ஸின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிப் பிழைப்பைத் தொடங்கி, மேலே ஒரு லாட்ஜில் பெட்டி தூக்கினேன். வருகிறவர்களைப் போல நடந்துகாட்டி மற்ற வேலையாட்களைச் சிரிக்க வைப்பேன். ஒருநாள் மேனேஜரைப் போல நடந்து காட்டியபோது மேனேஜர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அன்றோடு அந்த வேலை போயிற்று. எழுபதுகளின் கடைசி அது. மறுவாரம் ரைட்டரிடம் சேர்ந்தேன். இரண்டு வருடம் மூட்டை சுமந்தேன், ஒரு வருடம் சமைத்தேன், அப்புறம் பாதை காட்டினேன். நான் கற்றுக்கொண்டதை இதற்கு மேல் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

ரைட்டர் என்பது பேரல்ல. வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபது வருடம் வருகைப் பதிவு எழுதியவர். வேலையை விட்ட பிறகும் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் அதே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் காட்டுக்கும் வருவார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் 'கண்ணு' என்பார். நிரம்பக் கோபம் வந்தால் பேசமாட்டார்.

மலை பார்க்க வருகிறவர்களை எட்டு எட்டுப் பேராக மூன்று நாள் நடத்திக் கூட்டிப்போவது அவருடைய யோசனை. ஒன்பதாவது ஆள் காலில் விழுந்தாலும் சேர்க்கமாட்டார். "எட்டுப் பேருன்னா ஊருக்கு விருந்தாளி. இருவது பேருன்னா படையெடுப்பு" என்பார். ஒவ்வொரு நடைக்கும் முன்னால் அவரே வழியிலுள்ள ஊர்களுக்குப் போய், ஊர்க்கவுண்டரிடம் இன்ன நாள் இத்தனை பேர் வருகிறோம், வரலாமா என்று கேட்டு வருவார். வேண்டாமென்றால் வேறு வழி. அரிசியும் காயும் அந்தந்த ஊரில்தான் வாங்க வேண்டும். ஊற்றில் ஊர்ப் பெண்கள் பிடித்து முடித்த பிறகுதான் எங்கள் குடம் நனையும். ஆளுக்கு ஒரு மஞ்சள் பை; அவரவர் குப்பை அவரவர் பையில் சேலம் வரை திரும்பிப் போகும். ஒதுங்கப் போனால் ஊற்றுக்கு நூறு அடி தள்ளி, குழி தோண்டி, மூடி வர வேண்டும். எல்லாம் ஒரு நோட்டில், வருகைப் பதிவு எழுதிய அதே குண்டு குண்டு எழுத்தில் இருந்தது.

அப்புறம் கம்பு. எஸ்டேட்டில் நிழல் மரம் கழிக்கும்போது கிடைக்கிற சில்வர் ஓக் கிளையைத் தோளுயரத்துக்கு வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுப்போம். ஏறும்போது ஊன்றிக்கொள்ள மட்டுமல்ல அது. தங்கி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் கம்பை வரிசையாக மண்ணில் குத்திவிட்டு உட்கார வேண்டும். நாங்கள் கம்பை எண்ணுவோம், ஆளை எண்ணமாட்டோம்.

"ஆளையே எண்ணிட்டாப் போச்சு சார்" என்று ஒருமுறை சொன்னேன்.

"இருவது வருசம் எண்ணுனவன் சொல்றேன், கேளு. வெரல நீட்டி எண்ணும்போது மனுசன் மூஞ்சி மாறிப்போயிரும். ஆட்டுப்பட்டியில நிக்கற மாதிரி நிப்பான். இங்க வர்றவங்க விருந்தாளிங்க. கம்ப எண்ணு."

அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்திருக்கிறது. அதனால்தான் ஒரு டிசம்பரில் நடந்ததைச் சொல்லக் கூசுகிறது.

அந்தக் குழுவில் சேலத்திலிருந்து ஒரே அலுவலகத்து ஆண்கள் ஆறு பேர். நாமக்கல் பக்கமிருந்து பள்ளி ஆசிரியைகள் இருவர்: கமலா டீச்சர், சாரதா டீச்சர். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. கமலா டீச்சர் கேன்வாஸ் ஷூ போட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் செருகி ஏறினார் என்றால் அலுவலகத்துக்காரர்கள் பின்னால் மூச்சு வாங்க வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் வாழவந்திக்கு நடை. எப்போதும் ரைட்டர் முன்னால் போவார், நான் கடைசியில் வருவேன். அன்று காலை வாழவந்தியில் ஒரு சாவு விழுந்திருப்பதாகச் சேதி வந்தது. துக்க ஊருக்குள் சிரித்துக்கொண்டு நுழையக்கூடாது, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ரைட்டர் முதல் பஸ்ஸில் போய்விட்டார். போகும்போது சொன்னது இதுதான்: "நீ முன்னால போ. கடைசியில ஒருத்தர நிறுத்து. அவருக்குப் பின்னால ஆரும் இருக்கக்கூடாது. கத சொல்லாத."

முதல் இரண்டையும் செய்தேன். அலுவலகத்துக்காரர்களில் பெரியவரான ஒருவர் கழுத்தில் சிவப்புத் துண்டைப் போட்டு, "நீங்கதாங்க இன்னிக்கு வால்" என்று கடைசியில் நிறுத்தினேன். மூன்றாவதை என்னால் செய்ய முடியவில்லை. லாட்ஜ் மேனேஜர் கதையைத் தொடங்கினேன். முன்னால் நடந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டதும் பின்னால் வந்தவர்கள் எட்டி நடந்தார்கள். மேனேஜர் பின்னால் நிற்கும் இடத்துக்கு நான் வந்தபோது, வால் என் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை. ஆள் சிரித்தால் எனக்கு வேறெதுவும் தெரியாது.

ஒரு பாறை மேட்டில் நின்றோம். மஞ்சு இறங்க ஆரம்பித்திருந்தது. பத்தடிக்கு அப்பால் இருக்கிற மரம் நிழல் மாதிரி தெரிந்தது. கம்பைக் குத்தச் சொன்னேன். எண்ணினேன். எட்டு. சரியாக எட்டு. தண்ணீர் குடித்துவிட்டு நடந்தோம்.

இன்னும் கால் மணி போன பிறகு சாரதா டீச்சர் முன்னால் வந்து என்னோடு ஒட்டி நடந்தார். கையில் இரண்டு கம்பு இருந்தது.

"ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் போலாமுங்களா? அவங்க இன்னும் வரலைங்க."

"யாருங்க?"

"கமலா டீச்சர். பின்னால... கொஞ்சம் தங்கிட்டாங்க."

"பின்னாலன்னா எங்கங்க? எதுக்குத் தங்குனாங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவரே மெல்லச் சொன்னார்: கமலா டீச்சர் தன் கம்பை இவர் கையில் கொடுத்து, 'யாருகிட்டயும் சொல்லாதே, வந்துடறேன்' என்று ஒதுங்கியிருக்கிறார். யாரிடம் சொல்வது? முன்னால் கதை சொல்கிற ஒரு கோமாளி, சுற்றிலும் ஆறு ஆண்கள். பாறை மேட்டில் நான் கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று சாரதா டீச்சர் இரண்டு கம்பையும் சேர்த்தே குத்திவிட்டார். நான் எண்ணியது எட்டுக் கம்பு. மேட்டில் இருந்தது ஏழு பேர்.

இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதும் நோட்டில் இருந்தது. எல்லாரையும் உட்கார வை. ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் காதைத் தீட்டிக் கேள். கயிற்றை எடு. ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கடைசியாகப் பார்த்த இடத்துக்கு நடந்து போ. ஓடாதே.

நான் ஓடினேன். கயிறு இருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். உட்காருங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகு தெரிந்தது, சாரதா டீச்சர்தான் ஆறு பேரையும் வகுப்பில் உட்கார வைப்பதுபோல வரிசையாக உட்கார வைத்து, பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். விசிலை ஊதினேன். சத்தம் வரவில்லை, தலைகீழாக வாயில் வைத்திருந்தேன். "டீச்சர்! டீச்சர்!" என்று மலையே அதிரக் கத்தினேன். அடிவாரத்து முனியப்பன், சேர்வராயன், ரைட்டருடைய மாதா என்று எல்லாருக்கும் ஆளுக்கொரு வேண்டுதல் வைத்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை என்பதுகூடத் தெரியாமல் பாதையில் கீழே ஓடினேன், திரும்பி மேலே ஓடினேன், மறுபடி கீழே. கடைசியில் பாதையைவிட்டு விலகி, காப்பிச் செடிக்குள் புகுந்து, பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் போய் விழுந்தேன்.

அவர்களில் மூத்தவர் காளியக்கா. வெள்ளக்கடைக்காரர். இடுப்பில் பழப்பை, கையில் கிளை வளைக்கிற கொக்கிக்கம்பு.

"ஏந்தம்பி, ஆடு கீடு காணமா?"

"டீச்சரக் காணமக்கா!"

"டீச்சரக் காணமா? உன்னையப் பாத்தா டீச்சருகிட்டப் படிக்காம ஓடியாந்தவனாட்டம் இருக்குது. செருப்பு எங்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அழத் தொடங்கினேன். சிரிக்க வைத்தே பிழைத்தவன், நாலு பெண்கள் சிரிக்கும்போது அழுதுகொண்டு நின்றேன். சிரிப்பு நின்றது. காளியக்கா பையை அவிழ்த்து வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"எதுக்குப் போனாங்க அந்தம்மா?"

"அது... ஒதுங்க..."

"அப்பறம் எதுக்கு நீ ஊரக் கூட்டற மாதிரி கத்திக்கிட்டுத் திரியறே? நீ கத்துனா எந்தப் பொம்பள வாயத் தொறப்பா? வாய மூடிக்கிட்டு என்ற பின்னால வா."

நடந்தார். ஓடவில்லை. பாதையின் இரண்டு ஓரத்தையும் பார்த்துக்கொண்டே வந்து, உண்ணிச்செடி அடர்ந்த ஓரிடத்தில் நின்றார். ஈரமண்ணில் கேன்வாஸ் ஷூவின் தடம் ஒன்று பக்கவாட்டில் இறங்கியிருந்தது. நான் இரண்டு தடவை ஓடித் தாண்டிய இடம்.

காளியக்கா தன் கொக்கிக்கம்பைப் பாதைக்குக் குறுக்கே கிடத்தினார். "அந்தப் பக்கமாத் திரும்பி உக்காரு. நாஞ் சொல்றவரைக்கும் தலையத் திருப்பப்படாது" என்றார். உட்கார்ந்தேன். அவர் செடியை விலக்கி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"அம்மணி, நானு காப்பிப்பழம் பறிக்கற காளிங்க. இங்க ஆம்பளைங்க ஆருமில்லீங்க. ஒருத்தன் இருக்கறான், அவனையும் திருப்பி உக்கார வெச்சிருக்கறேன்."

பிறகு, நான் எதிர்பார்த்ததைவிட மிகப் பக்கத்தில், உண்ணிச்செடிக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்க இருக்கேங்க. கை விட்டுப்போகும்போல இருக்குங்க."

ஈரப் பாறையில் சறுக்கியிருக்கிறார். கணுக்கால் மடங்கிப்போயிற்று. சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்து முக்கால்வாசி மேலேயே தங்கிவிட்டது. அவர் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு பாறைச் சரிவில் கிடந்தார். அவருக்குக் கீழே ஓர் ஆள் உயரம் பாறை, அதற்குக் கீழே மஞ்சு. மஞ்சுக்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் கல் போட்டால் விழுகிற சத்தம் கேட்காது.

முக்கால் மணி நேரம் அப்படிக் கிடந்திருக்கிறார். நான் கத்தியது கேட்டிருக்கிறது. இரண்டு தடவை தலைக்கு மேலே நான் ஓடியதும் கேட்டிருக்கிறது.

காளியக்கா இடுப்பில் கட்டியிருந்த சாக்கையும் தோளில் இருந்த போர்வையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். பேச்சுச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. "கையக் குடுங்க... இத இப்புடிச் சுத்திக்கங்க... அழுவாதீங்கம்மணி, எனக்கு வவுத்துல புள்ள இருக்கறப்ப இதே எடத்துல நானு சறுக்கியிருக்கறேன்." பிறகு, "தம்பி, இப்ப வா. கவுறு கொண்டா."

கயிறு அங்கே மேட்டில், என் பையில் இருந்தது. அக்கா சாக்கை அவிழ்த்தபோது மேலே போட்டுவிட்டுப் போன கயிறு, என் வேட்டி, துண்டு மூன்றையும் முடிந்து கீழே விட்டேன். அரை டவுசரோடு நின்று இழுத்தேன். மானத்தைப் பற்றி அன்றைக்குக் கமலா டீச்சருக்கும் எனக்கும் சரிசமமாகத்தான் கவலை இருந்திருக்கும்.

மேலே ஏறி உட்கார்ந்ததும் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க கூப்பிட்டப்ப பதில் சொல்லியிருக்கணுங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க எட்டிப் பார்த்துடுவீங்களேன்னு இருந்துச்சு. விழுந்தாலும் பரவால்லேன்னு இருந்துச்சு. என்ன புத்தி பாருங்க."

நான் குனிந்து என் வேட்டி முடிச்சை அவிழ்த்தேன்.

அந்த நேரத்தில் மஞ்சுக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டை தெரிந்தது. நேரமாகியும் நாங்கள் வராததால் ரைட்டர் வாழவந்தியிலிருந்து எதிரே நடந்து வந்திருக்கிறார். மேட்டில் இருந்தவர்களைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வருகிறார். கொக்கிக்கம்பு இன்னும் பாதையில் குறுக்கே கிடந்தது. அவர் காலைத் தூக்கினார்.

"தாண்டாதீங்க ரைட்டரய்யா" என்றார் காளியக்கா. "அம்மணி சேலை சரிபண்ணிக்கிட்டிருக்காங்க."

தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார். திரும்பி நின்றுகொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கேட்டார்:

"இது என்ன கம்பு, காளி?"

"பொம்பளைங்க ஒதுங்குனா போடறதுங்க. கெடந்தா ஆரும் தாண்டமாட்டாங்க. எங்கம்மா காலத்துலருந்து இருக்குது."

"நம்ம எஸ்டேட்லயா?"

"நம்ம எஸ்டேட்லதானுங்க."

"இருவது வருசம் இருந்தேன். நாம் பாத்ததில்லையே."

"நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சா கம்ப எடுத்துக்கிட்டு எந்திரிச்சு ஓடியாந்துருவமுங்க. எடத்துல இல்லைன்னா அர நாள் கூலிய வெட்டிருவீங்களே."

சொன்னதில் குத்தல் இல்லை. மழை பெய்யும் என்று சொல்வது மாதிரி சொன்னார். ரைட்டருடைய முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த வெள்ளைச் சட்டை, ஈரமண் என்று பாராமல், அப்படியே பாதையில் உட்கார்ந்தது.

கமலா டீச்சரைப் போர்வையில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோய், ஒரு எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்கு அனுப்பினோம். ரைட்டரும் கூடவே போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. 'கண்ணு' என்றுகூடச் சொல்லவில்லை. நான்கு நாள் பேசாமல் இருந்தார். ஐந்தாம் நாள் நான் தொலைத்த ஒற்றைச் செருப்பு என் வீட்டு வாசலில் இருந்தது. போய்த் தேடி எடுத்துவந்திருக்கிறார். பக்கத்தில் அந்த நோட்டோடு ரைட்டர் நின்றிருந்தார்.

"டீச்சர் ஊட்டுக்குப் போயிட்டு வந்தேன். கால் கட்டு பிரிக்க நாளாகுமாம். நோட்டுல எதெது இல்லைன்னு அவங்களையே எழுதச் சொன்னேன். படி."

குண்டெழுத்துக்கு நடுவே முதல்முறையாக வேறொரு கையெழுத்து. கரும்பலகையில் எழுதிப் பழகிய நேரான எழுத்து: "கம்பு குறுக்கே கிடந்தால் யாரும் தாண்டக்கூடாது. யாருடையது என்று கேட்கக்கூடாது. கடைசியில் வருபவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, கம்பு எடுக்கப்படும்வரை நிற்க வேண்டும். கடைசியில் வருபவர் ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது."

அதன் பிறகுதான் காளியக்கா எங்களோடு வந்தார். பழம் பறிக்கும் காலம் போக மற்ற மாதமெல்லாம் சிவப்புத் துண்டு அவர் கழுத்தில்தான். கமலா டீச்சர் இரண்டு வருடம் கழித்து அதே பாதையில் மறுபடி நடந்தார். இந்தத் தடவை என்னை முன்னால் போகவிடவில்லை, கூடவே நடந்து மேனேஜர் கதையை முழுசாகக் கேட்டார். ஆளையும் எண்ணுகிறோம் இப்போது. விரலை நீட்டாமல், முகத்தைப் பார்த்து, பேர் சொல்லி.

பிள்ளைகளே, உங்கள் வாக்கி-டாக்கி நல்ல சாமான். ஆனால் அதில் பேச வேண்டும். பேச முடியாதவர்களுக்காகப் போட்டது அந்தக் கம்பு.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். என் முட்டி எனக்கு ஓய்வு கொடுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ரைட்டர் கடைசியாக எங்களோடு வந்த நடை. அன்றைக்குக் காளியக்கா இல்லை, ரைட்டரே கடைசியில் வந்தார். நான் முன்னால். மேட்டில் நின்றபோது ரைட்டரைக் காணோம். திரும்பிப் போய்ப் பார்த்தேன். பாதையில் ஒரு கம்பு கிடந்தது. ரைட்டர் அதற்கு அந்தப் பக்கம், செடிகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குழுவில் மறதிக்காரர் ஒருவர் இருந்தார், கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிறவர். கம்பைத் தவறவிட்டுவிட்டு மேட்டில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், அது சும்மா விழுந்த கம்புங்க. அங்க எட்டுப் பேரும் இருக்காங்க. நானே எண்ணிட்டுத்தான் வர்றேன்."

ரைட்டர் திரும்பவில்லை. மழை அவருடைய சட்டையை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அன்னிக்கும் எண்ணிட்டுத்தான கண்ணு நடந்த."

நான் கம்பைத் தாண்டாமல், இந்தப் பக்கமே, செடிகளுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.